எந்தக் கலர்? சீக்கிரம் சொல்லுங்கள்

குழு: நம் வீடு

தம்பி: (5 படங்கள்)

தம்பி: நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் 1 ஷூ வாங்கப் போகிறேன். முதல் படம் என் பழைய ஷூ, மூக்கு எப்படி மடிந்திருக்கிறது என்று காட்டப் போட்டேன். மற்ற நாலில் ஒன்றைச் சொல்லுங்கள். 2 ஆலிவ் பச்சை ஸ்வேடு. 3 வெள்ளைத் தோல், பழுப்பு ஸ்வூஷ் (பக்கத்தில் இருக்கும் நைக்கி டிக் குறி). 4 கறுப்பு பேட்டன்ட், அதாவது பளபளப்புத் தோல். 5 மணல் நிறக் கான்வாஸ். நாளைக் காலை ஆர்டர் போடுகிறேன்.

அம்மா: ஒரே ஷூவை எதற்கு அஞ்சு தடவை போட்டிருக்கிறாய்?

தம்பி: அம்மா!!

அத்தை: அச்சு ஒன்றுதான். மேலே போட்டிருப்பதுதான் வேறு வேறு.

நான்: எனக்கு 2. அந்தப் பச்சை என்ன அழகு.

தம்பி: எனக்கும் அதேதான் அக்கா 🙌

சித்தப்பா: 3. யோசிக்கவே வேண்டாம்.

சித்தப்பா: (குரல் பதிவு 3:12)

அம்மா: இப்போது கேட்க முடியாது. எழுதுங்கள்.

நான்: மூன்று நிமிஷமா சித்தப்பா? ஷூ பற்றியா, சொத்து பற்றியா?

சித்தப்பா: சரி, எழுதுகிறேன். இந்த ஷூ 1982-இல் வந்தது. ப்ரூஸ் கில்கோர் வடிவமைத்தது. நைக்கி தன் 'ஏர்' காற்றுப் பையை முதன்முதலாகக் கூடைப்பந்து ஷூவுக்குள் வைத்தது இதில்தான். திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைப் பார், வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். பந்தோடு ஒரே காலில் சுழன்று திரும்புவதற்காக வைத்தது. பெயரை அமெரிக்க அதிபர் போகும் விமானத்திலிருந்து எடுத்தார்கள்.

சித்தப்பா: இரண்டே வருஷத்தில் இதை நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு மாடல் வரும், போகும், அடுத்தது வரும். யாரும் பழையதைத் திரும்பப் போட மாட்டார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் என்ற ஊரில் மூன்று கடைக்காரர்கள் மட்டும் விடவில்லை. 'எங்கள் ஊரில் இது நன்றாக ஓடுகிறது, புது நிறத்தில் செய்து கொடுங்கள்' என்று போய் நின்றார்கள். கிடைத்தது இரண்டு நிறம். வெள்ளையில் நீலம், வெள்ளையில் சாக்லெட் பழுப்பு. வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. அப்புறம் மாதம் ஒரு நிறம் என்று ஆகிவிட்டது.

நான்: அந்தச் சாக்லெட் பழுப்புதான் இவனுடைய 3-ஆ?

சித்தப்பா: அந்தச் சாயல்தான்.

தம்பி: அப்படியானால் ஷூவைக் காப்பாற்றியதே கலர்தான். நான் கலர் பார்த்து வாங்குவதில் என்ன தப்பு?

சித்தப்பா: அது ஷூவைக் காப்பாற்றியது. உன்னைக் கவிழ்க்கப் போகிறது.

அத்தை: பச்சையை எதில் பார்த்தாய்? போனிலா?

தம்பி: ஆமாம் அத்தை. வெளிச்சத்தைக் கூட்டிவைத்துத்தான் பார்த்தேன்.

அத்தை: முப்பது வருஷமாகத் தைக்கிறேன், ஒன்று சொல்கிறேன் கேள். ஒரே நிறம் என்று சொல்லிப் பட்டில் ஒன்று, பருத்தியில் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வை. ஒன்றாகவே தெரியாது. பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பருத்தி விழுங்கிவிடும். தோலும் அப்படித்தான் இருக்கும். உன் ஸ்வேடு வெல்வெட் மாதிரி. இந்தப் பக்கம் தடவினால் கறுக்கும், அந்தப் பக்கம் தடவினால் வெளுக்கும். படம் எடுத்தவன் எந்தப் பக்கம் தடவிவிட்டு எடுத்தானோ!

நான்: எனக்கு அதுதானே பிடித்திருக்கிறது. விரலால் பெயர்கூட எழுதலாம்.

அத்தை: நீ எழுதுவாய். பேருந்தில் பக்கத்தில் நிற்பவன் செருப்புக்காலால் எழுதுவான்.

அம்மா: 😂😂

அம்மா: அந்தப் பச்சை சாயம் போகுமா? வெள்ளை சாக்ஸோடு போட்டால்?

சித்தப்பா: கருமையான ஸ்வேடில் முதல் சில நாள் ஒட்டும் அண்ணி. நனைந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்வேடு என்பது தோலின் உள்பக்கம். வழவழப்பான மேல் அடுக்கைத் தனியாகப் பிரித்தபின் அடியில் இருப்பதைத் தேய்த்து, பூனை முதுகு மாதிரி சிலிர்க்கவைத்திருப்பார்கள். தண்ணீரைத் தடுக்க மேலே ஒன்றும் இல்லை. நூபக் என்று ஒன்று இருக்கிறது, பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது மேல் அடுக்கையே லேசாகத் தேய்த்தது, கொஞ்சம் கெட்டி.

தம்பி: கூடைப்பந்து வீரர் வால்ட் ஃப்ரேசியர் ஸ்வேடு ஷூ போட்டு அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏ-வே ஆடினார் சித்தப்பா. 1973-இல் வந்த புமா க்ளைட் அவருக்காகவே செய்தது.

சித்தப்பா: அவர் மரத்தளத்தில், கூரைக்குக் கீழே ஆடினார். நீ மழையில் பேருந்துக்கு ஓடப்போகிறாய்.

தம்பி: மழையில் போட மாட்டேன். பெட்டியிலேயே வைத்து, எங்கேயாவது போகும்போது மட்டும் எடுப்பேன்.

சித்தப்பா: அந்தக் கதை மட்டும் என்னிடம் வேண்டாம்.

நான்: ஐயோ, அந்தக் கதையா!

அத்தை: எந்தக் கதை?

சித்தப்பா: வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூடைப்பந்து ஷூ வாங்கினேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இரண்டு தடவை போட்டிருப்பேன். அழுக்காகிவிடும் என்று காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஒன்பது வருஷம் கழித்து ஒரு விசேஷத்துக்கு எடுத்தேன். மேலே பளபளவென்று அப்படியே இருந்தது. மாட்டிக்கொண்டு வாசல் வரைதான் நடந்தேன், காலுக்குக் கீழே நறநறவென்றது. திரும்பிப் பார்த்தால் கூடத்திலிருந்து வாசல் வரை வெள்ளைப் பொடியும் கட்டியுமாகக் கிடக்கிறது. வலது குதிகால் தனியாகக் கழன்று நிற்கிறது.

அம்மா: கூட்டியது நான்.

சித்தப்பா: ஆமாம் அண்ணி 🙏

நான்: பூச்சியா அரித்தது?

சித்தப்பா: காற்றில் இருக்கிற ஈரம். உள்ளே மெத்தென்று இருக்கும் நுரை பாலியூரித்தேன். ஈரம் பட்டுப்பட்டு வருஷக்கணக்கில் தானாகவே உடைந்துபோகும். பெட்டியைப் பூட்டிவைத்தாலும் நிற்காது. போட்டு நடக்கிற ஷூ இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்பார்கள்.

தம்பி: சரி, பெட்டி யோசனை போச்சு. 4 எப்படி? யாருமே பேசவில்லையே.

அத்தை: அந்தப் பளபளப்பு பூச்சுதான். அடியில் சாதாரணத் தோல், மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம். மடிகிற இடத்தில் விரிசல் விட்டால் சரிசெய்யவே முடியாது.

சித்தப்பா: 1995-இல் வந்த ஜோர்டன் 11 என்ற நைக்கி ஷூவில் அதன் வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்ட் பேட்டன்டைக் கீழே ஒரு பட்டையாகத்தான் சுற்றினார். மேலே நைலான் துணி. காற்றும் போகும், பளபளப்பும் கிடைக்கும். இவன் காட்டுகிற 4-இல் முழுக்கப் பேட்டன்ட். கால் வெந்துவிடும்.

அம்மா: 5-ஐ வாங்கு. துவைக்கலாம்.

தம்பி: கான்வாஸ் வேண்டுமானால் கான்வர்ஸ் கம்பெனி ஷூ வாங்கிவிட மாட்டேனா அம்மா? 1917-லிருந்து அவர்கள் போடுவது அதுதானே.

அம்மா: அப்போ இத்தனை வருஷமாக நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நான்: 👏 அம்மாவுக்கு ஒரு பாயின்ட்.

நான்: சரி, இதே ஷூவில் உலகத்திலேயே விலை உயர்ந்தது எது தெரியுமா? லூயி வியூத்தோன் என்ற பிரெஞ்சு ஆடம்பரக் கம்பெனிக்காக வடிவமைப்பாளர் வர்ஜில் அப்லோ செய்தது. அவர்களுடைய கைப்பை அச்சுப் போட்ட தோல். அவர் இறந்தபின் 2022-இல் 200 ஜோடியைச் சதபீஸ் ஏலம் விட்டது. மொத்தம் 2.5 கோடி டாலருக்கு மேல் போனது. பணம் அவர் பெயரில் இருக்கிற படிப்பு உதவி நிதிக்கு.

அத்தை: தோல் எப்படி இருந்ததாம்?

அம்மா: ஒருத்தராவது அதைப் போட்டுக்கொண்டு நடந்தார்களா?

நான்: அம்மா, அதைக் கேட்கக் கூடாது.

அத்தை: தம்பி, உன் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் மேலே சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது பார், அதற்குப் பின்னால் குறுக்கே மூன்று கோடு. மேலே இருக்கிற கோட்டில் மட்டும் சாம்பல் அழுக்கு. நீ நடக்கும்போது அங்கேதான் மடிகிறது. நாலில் எதை வாங்கினாலும் அதே இடத்தில்தான் மடியும். அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறான் என்று பார், போதும். 3-இல் அங்கே வெள்ளைத் தோல். கோடு விழும், ஈரத்துணியால் துடைத்தால் அழுக்குப் போகும். உனக்குப் பிடித்த ஸ்வேடு அந்த ஸ்வூஷில் இருக்கிறது போல, பக்கவாட்டில். அது மடியவே மடியாது.

தம்பி: பொறுங்கள், பார்க்கிறேன்.

தம்பி: ஆமாம் அத்தை!! ஸ்வூஷும் குதிகால் பட்டையும் ஸ்வேடு. மற்றதெல்லாம் தோல். நான் கவனிக்கவே இல்லை.

சித்தப்பா: நான் முதலிலேயே சொன்னேன்.

நான்: நீங்கள் பால்டிமோரைச் சொன்னீர்கள். மூக்கைச் சொன்னது அத்தை.

சித்தப்பா: 🙄

தம்பி: அடிப்பாகம்? 3-இல் இரண்டு விதம் இருக்கிறது. வெள்ளை ரப்பர், இல்லாவிட்டால் தேன் நிற கம் ரப்பர்.

நான்: கம். வெள்ளை ரப்பர் நாளாக ஆக மஞ்சளாகும், உன் பழையதில் ஓரம் பார். தேன் நிறத்தில் அது தெரியாது.

அத்தை: பழுப்புக்கும் அதுதான் பொருந்தும்.

சித்தப்பா: லேஸை வெள்ளையாகவே விடு. பழுப்பு லேஸ் போட்டால் பள்ளிக்கூட ஷூ மாதிரி ஆகிவிடும்.

தம்பி: முடிந்தது. 3, கம் ரப்பர், வெள்ளை லேஸ். பச்சைக்கு ஒரு நிமிஷ மௌனம் அக்கா.

நான்: 😔💚

அம்மா: சாயம் போகாது அல்லவா?

தம்பி: போகாது அம்மா.

அப்பா: இப்போதுதான் பார்த்தேன். எனக்கு முதல் படம்தான் பிடித்திருக்கிறது. எளிமையாக இருக்கிறது. அதையே வாங்கு.

தம்பி: அப்பா, அது வீட்டில்தான் இருக்கிறது. வாசலில், உங்கள் செருப்புக்குப் பக்கத்தில்.