ஜான் டிலிஞ்சர்: மக்கள் கொண்டாடியது யாரை?

தொடுவானம்:
1933, 1934ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வங்கிகளைக் கொள்ளையடித்த ஜான் டிலிஞ்சரை மக்கள் நாயகனாகக் கொண்டாடியது வெறும் அறியாமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1930 தொடங்கி 1933 முடிய அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத்தொகைக்கான கூட்டாட்சி அரசின் (அதாவது மத்திய அரசின்) காப்பீடு 1934 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு வங்கி கதவைச் சாத்தினால், சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தவணை கட்ட முடியாத உழவரின் நிலமோ ஏலத்துக்குப் போனது. வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் கிடந்த பணம் அவருடையது என்று தெரிந்ததும் அதைத் தொடாமல், வங்கியின் பணத்தை மட்டும் டிலிஞ்சர் எடுத்துச் சென்றதாக ஒரு கதை அன்று வழங்கியது. அது நடந்ததோ இல்லையோ, மக்கள் எதைக் கேட்க ஏங்கினார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

செங்காந்தள்:
மக்களின் கோபம் நியாயமானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தக் கோபத்தின் புகழ் இந்தக் கும்பலுக்கு ஏன் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கேள்வி. 1933 அக்டோபர் 12 அன்று ஒஹையோவின் லைமா சிறைக்கு டிலிஞ்சரை மீட்க வந்த கூட்டாளிகள், தாங்கள் இண்டியானா சிறை அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தின் காவல் தலைவரான ஷெரீஃப் ஜெஸ் சார்பர் அதற்கான சான்றைக் காட்டச் சொன்னார். அவ்வளவுதான், மனைவியின் கண்ணெதிரிலேயே அவரைச் சுட்டார்கள், விழுந்தவரை அடித்தார்கள், சாவியை வாங்கி டிலிஞ்சரை அழைத்துச் சென்றார்கள். 1934 ஜனவரி 15 அன்று இண்டியானாவின் ஈஸ்ட் சிகாகோவில் நடந்த வங்கிக் கொள்ளையில் வில்லியம் ஓமாலி என்ற காவலர் உயிரிழந்தார். அவர் மூன்று பெண்களின் தந்தை. இவர்கள் இருவரும் வங்கி முதலாளிகள் அல்லர்.

தொடுவானம்:
சார்பரின் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டிலிஞ்சர் அப்போது அறைக்குள் பூட்டப்பட்டிருந்தார். ஓமாலியைச் சுட்டதாகச் சாட்டப்பட்ட குற்றத்தையும் அவர் மறுத்தார். தவிர, ஷெரீஃப் என்பவர் உழவர்களின் கண்ணுக்கு யாராகத் தெரிந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்: நீதிமன்ற ஆணையோடு வந்து பண்ணையை ஏலம் விட்டவர் பெரும்பாலும் அவர்தான். டிலிஞ்சர் மீண்டும் பிடிபட்ட பின் இண்டியானாவின் கிரௌன் பாயின்ட் சிறையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அரசு வழக்கறிஞர் ராபர்ட் எஸ்டில் கைதியை அணைத்தபடி நிற்க, டிலிஞ்சர் அவர் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல இயல்பாக நிற்கிறார். மார்ச் 3 அன்று அதே சிறையிலிருந்து, மரத்துப்பாக்கியைக் காட்டி மிரட்டியே வெளியேறினார் என்று பேசப்பட்டது; பின்னர் தந்தையின் பண்ணையில் மரத்துப்பாக்கியும் கையுமாக அவர் படமெடுத்துக்கொண்டார். ஏப்ரல் 22 அன்று விஸ்கான்சினில் லிட்டில் பொஹீமியா விடுதியைச் சூழ்ந்த கூட்டாட்சி முகவர்களோ, இதில் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள், டிலிஞ்சர் தப்பிவிட்டார். இத்தகைய அரசின் பேச்சை மக்கள் எப்படி நம்புவார்கள்?

ஏடகம்:
இடையில் ஒரு தகவல். கிரௌன் பாயின்ட்டிலிருந்து ஷெரீஃபின் காரிலேயே மாநில எல்லை தாண்டித் தப்பியதைத்தான் எல்லோரும் துணிச்சல் என்று மெச்சினார்கள். ஆனால் திருட்டுக் காரை மாநில எல்லை கடந்து ஓட்டுவது 1919 முதலே கூட்டாட்சி அரசு நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம்; வங்கிக் கொள்ளை அப்படி ஆனது 1934 மே மாதத்தில்தான். கூட்டாட்சி முகவர்கள் அவரைத் துரத்துவதற்கு அந்தக் கார்தான் சட்டப்படி வழிவிட்டது.

செங்காந்தள்:
தொடுவானம் அவர்களே, படத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்த நீங்கள், அயோவாவின் மேசன் சிட்டியையும் பாருங்கள். 1934 மார்ச்சில் அங்கே ஏறத்தாழ 52,000 டாலரை அள்ளிய கும்பல், காவலர்கள் சுடாமலிருக்க, அப்பாவிகளைக் காரின் வெளிப்புற மிதிபலகையில் நிற்கவைத்து ஓட்டிச் சென்றது. கொள்ளையில் கிடைத்த பணம் எந்த உழவரின் கடனையும் அடைத்ததாகச் சான்று இல்லை. வங்கியை உண்மையிலேயே எதிர்த்து நின்றவர்கள் வேறு ஆட்கள். அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் ஒருவரின் பண்ணை ஏலத்துக்கு வந்தால், அக்கம்பக்கத்து உழவர்கள் திரண்டுபோய், வெளியாள் வாய் திறக்காதபடி சூழ்ந்துகொண்டு, மாட்டுக்கும் கலப்பைக்கும் சில சென்ட்டுகள் மட்டுமே கேட்டு ஏலம் எடுத்து, எல்லாவற்றையும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நம் நினைவில் இருக்கிறதா?

தொடுவானம்:
அந்த உழவர்களை நானும் மதிக்கிறேன். ஆனால் 1934 ஜூலை 22 இரவு சிகாகோவின் பயோகிராஃப் திரையரங்கு அருகே டிலிஞ்சர் சுடப்பட்டபோது, அவருடைய இரத்தத்தில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டவர்கள் நகரத்து மக்கள். அவர்களுக்கு அப்படி ஒன்றுகூடி நிற்க எந்தக் களம் இருந்தது?

செங்காந்தள்:
இருந்தது. அதே சிகாகோவில் 1931 ஆகஸ்டில், வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்ட முதிய பெண்ணொருவரின் தட்டுமுட்டுச் சாமான்களை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுசேர்க்கத் திரண்ட கூட்டத்தில், காவலர்கள் சுட்டு மூன்று கருப்பின ஆண்கள் இறந்தார்கள். அவர்களின் இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ஆகவே களம் இல்லை என்ற வாதம் சிகாகோவுக்குப் பொருந்தாது.