வௌவால் பறவை இல்லைன்னு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வௌவாலைப் பறவையோடும் திமிங்கலத்தை மீனோடும் சேர்த்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், எங்கே வாழ்கிறது, பறக்கிறதா என்று தொடங்கினால் இப்படித்தான் ஆகும். முதலில் முதுகெலும்பு உண்டா என்று கேளுங்கள். அடுத்து, உடலை மூடியிருப்பது உரோமமா, இறகா, செதிலா? வௌவாலுக்கு உரோமம், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். திமிங்கலம் நுரையீரலால் மூச்சு விடும், வாலை மேலும் கீழும் அசைக்கும். மீனின் வால் பக்கவாட்டில் அசையும், மூச்சு செவுளால்.

பதில்: உயிரினப் படங்களைக் கொடுத்து, கேள்வி கேட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்; 8 படங்கள் போதும். விடை ஆம், இல்லை மட்டுமே. ‘பெரியதா?’ என்ற கேள்வி வேண்டாம், ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். சிலந்தியைக் கட்டாயம் சேருங்கள்: 8 கால், உடல் 2 பகுதி. பூச்சிக்கு 6 கால், 3 பகுதி.

பதில்: காளானும் இருக்கட்டும். அது தாவரமல்ல, பூஞ்சை; மட்கும் பொருளிலிருந்து உணவை உறிஞ்சுகிறது. 1969இல் உயிரியலாளர் விட்டேக்கர் தந்த ஐந்துலக வகைப்பாட்டில் (உயிர்களை ‘உலகம்’ எனும் ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது) பூஞ்சைகளுக்குத் தனி உலகமே உண்டு.