புதுப்பிப்பு: மைத்துனருக்குப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கியாயிற்று

நியூசிலாந்தில் வாத்து வேட்டைக்குச் செல்லும் என் மைத்துனருக்குக் குறைந்த விலையில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. (உரிமமும் துப்பாக்கியும் அங்கே அவரிடமே இருக்கின்றன, என் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தது புகைப்படம் மட்டுமே.)

அவர் இரண்டு துப்பாக்கிகளைப் பார்த்தார். குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டச் சொன்ன யோசனையே கைகொடுத்தது: மெருகு மின்னிய முதலாவது உடைந்த பானைபோல் மந்தமாக ஒலித்ததால், குழல்களை இணைக்கும் பட்டையில் பற்றவைப்பு விட்டிருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்த, கீறல் விழுந்த இரண்டாவது துப்பாக்கியோ கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தது. முன்கட்டையை (குழல்களுக்கு அடியில் உள்ள மரப்பிடியை) எடுத்துவிட்டு ஆட்டியபோதும், குழல்கள் துப்பாக்கியின் உடலோடு பூட்டிக்கொள்ளும் இடத்தில் அசைவில்லை. அதையே வாங்கினார்.

எதிர்பாராதது ஒன்று. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்தபோது தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான் இருந்தது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த 70 மில்லிமீட்டர் தோட்டாக்கள் உள்ளே எளிதில் நுழைந்தாலும், சுடும்போது அவற்றின் மடித்து மூடிய முனை விரிய இடமின்றி அழுத்தம் ஏறிவிடும். நீர்நிலைகளுக்கு அருகே வாத்துக்கு ஈயக்குண்டு அங்கே தடை என்பதாலும், பழைய குழலுக்கு எஃகுக் குண்டு ஆகாது என்பதாலும், இப்போது ஈயத்துக்கு மாற்றான பிஸ்மத் என்ற உலோகக் குண்டுகள் கொண்ட குட்டையான தோட்டாக்களையே பயன்படுத்துகிறார். துப்பாக்கியின் விலையோடு அவற்றின் விலையையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.