65 சேம்பரில் 70 தோட்டா: உள்ளே போனால் போதுமா?

பழனிமலை:
தாத்தாவின் பழைய இங்கிலீஷ் 12 போர் துப்பாக்கியை எடுத்துச் சுடலாமா என்று ஒரு தம்பி கேட்டதற்கு, நம் நண்பர் இரட்டைக்குழல் நேற்று இங்கே சொன்ன பதில்: "கடையில் கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டாவையே போடுங்கள், உள்ளே போய் மூடினால் சரி." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்தக் காலத்து பர்மிங்காம் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் 65 மில்லிமீட்டர் நீளம், அதாவது இரண்டரை அங்குலம். 70 தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் உள்ளே போகத்தான் செய்யும். சுட்டதும் அந்த மடிப்பு விரிய இடம் வேண்டாமா? சேம்பர் முடிந்து குழல் குறுகுகிற இடத்தில் போய் விரிகிறது, ரவை என்கிற ஈயக் குண்டுகள் போக வேண்டிய வழியை நெரிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். 1954க்குப் பிறகு அழுத்தச் சோதனை செய்தது என்றால் 2½ அங்குலம், சதுர அங்குலத்துக்கு 3 டன் அழுத்தம் என்று முத்திரை அடித்திருக்கும். 2¾ அங்குலத்துக்கு 3¼ டன். அந்த முத்திரையை அழகுக்கா அடித்தான்?

இரட்டைக்குழல்:
முத்திரைப் பாடம் எனக்கும் தெரியும் அண்ணே. எங்கள் வீட்டுத் துப்பாக்கியும் 65தான். அப்பா காலத்திலிருந்து 70தான் போடுகிறோம். உள்ளே போகிறது, மூடுகிறது, சுடுகிறது. குழல் வெடித்ததா? இல்லை. அப்புறம் என்ன?

கோவைக்காரன்:
ஒரு நிமிடம். 70 என்று நீங்கள் இருவரும் சொல்வது மடித்த நீளமா, சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளமா? அதை முதலில் பேசி முடித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பழனிமலை:
வெடிக்கவில்லை என்பது ஒரு பதிலா? நீங்கள் சுட்ட தோட்டாவின் வெற்று உறையைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? சரியான சேம்பரில் சுட்ட உறையின் வாய் வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்கும். 65இல் 70 போட்டுச் சுட்ட உறையின் ஓரம் பிய்ந்து, மெலிந்து, நார் நாராகத் தொங்கும். நகத்தால் தடவினாலே தெரியும். அந்த நார் எங்கே உரசிப் பிய்ந்தது என்று யோசியுங்கள். அடுத்து, குழலுக்கு அடியில் கைபிடிக்கிற முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய குழலை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் உங்கள் "உள்ளே போகிறது" செய்த வேலை அது.

இரட்டைக்குழல்:
எங்களுடையது லொடலொடக்கவில்லை. அமெரிக்காவில் இரட்டைக்குழல் பிரியர்களின் பத்திரிகையில் இதைக் கருவி வைத்தே அளந்து எழுதினார்கள். குறுகிய சேம்பரில் நீளத் தோட்டா போட்டால் அழுத்தம் கொஞ்சம்தான் ஏறுகிறது. பிரிட்டனிலேயே 67 மில்லிமீட்டர் உறையை 65க்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டு விற்கிறான். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

பழனிமலை:
அந்த 67ஐ அழுத்தம் பார்த்து அடைக்கிறான், அதனால்தான் பெட்டியில் போடுகிறான். உங்கள் 70 பெட்டியில் 65க்கு ஏற்றது என்று எங்கே போட்டிருக்கிறது? காட்டுங்கள். 67ஐச் சொல்லி 70ஐ உள்ளே தள்ளாதீர்கள். அளந்து பார்த்தவரும் நல்ல நிலையில் இருந்த துப்பாக்கியை வைத்துச் சொன்னார். பரணில் கிடந்து உள்ளே குழிவிழுந்த குழலுக்கு அது எப்படிப் பொருந்தும்? "கொஞ்சம்தான் ஏறுகிறது" என்றால் ஏறுகிறது என்றுதானே அர்த்தம்?

இரட்டைக்குழல்:
குழிவிழுந்த குழல் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா! போன வருடம் குழலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும் என்று இங்கே அடித்துப் பேசியது யார்? உங்கள் மலைக் குளிரில் மார்கழியில் அது உறைந்து மெழுகாக நிற்கும்.

பழனிமலை:
வேறு எண்ணெய் கிடைக்காத இடத்தில் துருப்பிடிக்க விடுவதற்கு அது மேல் என்றேன். முழுதாகப் படிக்காமல் இன்று வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேச்சை மாற்றாதீர்கள். 65 சேம்பருக்கு 70 தோட்டா ஆகாது.

தேனிக்காரன்:
துரு என்றதும் ஞாபகம் வருகிறது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோமே, திரும்பி வரும்போது அதன் கோலத்தைப் பார்த்தீர்களா? எங்கள் பக்கம் சாக்கில் சுற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள். சாக்கு ஈரம் குடித்து, குழல் மேல் அதன் நெசவு அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. கேட்க நாதியில்லை. நீங்கள் 65, 70 என்று மல்லுக்கட்டுகிறீர்கள்.

மேகமலை:
சரியாகச் சொன்னீர்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை விட வேண்டியவர்கள் எதை விட்டார்கள்? தாத்தாவின் பழையதைத்தான். எங்கள் வீட்டிலும் அதுதான் போயிற்று. அன்று இந்த நிபுணர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழனிமலை:
வாய் திறக்கவில்லையா? பக்கம் பக்கமாக எழுதினேன், தேடிப் பாருங்கள். நீங்கள் அப்போது ஒரு வரி பதில் போடவில்லை.

மேகமலை:
எழுதினால் ஆயிற்றா?

கோவைக்காரன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 70 என்பது விரிந்த நீளம்தானே?

பழனிமலை:
இரட்டைக்குழல் மறைந்துகொள்ள இடம் தேடித் தராதீர்கள் கோவைக்காரரே. கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன்: விஷயம் தெரிந்த துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து சேம்பரை அளந்து பாருங்கள். 65 என்றால் 65 தோட்டா தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சுடாதீர்கள். இவர் சொன்னார் என்று 70ஐத் திணிக்காதீர்கள்.

இரட்டைக்குழல்:
திணிக்கவே வேண்டாம், தானாக உள்ளே போகும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாருங்கள். எங்கள் துப்பாக்கியில் 70 போட்டுச் சுட்டே காட்டுகிறேன்.

பழனிமலை:
வருகிறவர் பத்தடி தள்ளி நில்லுங்கள். சுட்ட உறையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், வாயைப் படமெடுத்து இங்கே போடச் சொல்லுங்கள்.

இரட்டைக்குழல்:
போடுகிறேன். அதற்கும் ஒரு குறை சொல்வீர்கள்.