செவிலியரின் தற்காப்புப் பணிமுறையை அளப்பது எப்படி?

முதுநிலைச் செவிலியர் மாணவி, பாலக்காடு:
வணக்கம். வழக்குக்கும் புகாருக்கும் அஞ்சிச் செய்யப்படும் பணிகள், அதாவது தற்காப்புப் பணிமுறை, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ், மலையாளச் செவிலியரிடையே எந்த அளவில் உள்ளன என்பதை ஆய்வேட்டுக்காக அளக்க விரும்புகிறேன். முன்சோதனையில், "மருத்துவர் எழுதியதைவிட அடிக்கடி பி.பி. பார்த்துப் பதிவு செய்கிறேன்" என்ற கூற்றுக்கு ஏறக்குறைய எல்லோருமே "எப்போதும்" என்று குறித்திருக்கிறார்கள். அது அச்சமா, அக்கறையா என்று பிரித்தறிய முடியவில்லை. மருத்துவர்களுக்கென உருவான வினாத்தாளை மொழிபெயர்த்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரிப் பேராசிரியர், கோவை:
வேண்டாம் அம்மா. 2005இல் வெளிவந்த பென்சில்வேனிய ஆய்வில் 93 விழுக்காட்டு மருத்துவர்கள் தற்காப்பு மருத்துவம் செய்வதாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே கேட்கப்பட்டவை தேவைக்கு மேற்பட்ட பரிசோதனை, ஸ்கேன், சிக்கல் நேரும் வாய்ப்பு மிகுந்த நோயாளியைத் தவிர்த்தல் போன்றவை. ஸ்கேன் எழுதும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. அவருடைய தற்காப்பு, சிறு மாற்றத்துக்கும் டியூட்டி டாக்டரை அழைத்து நேரத்தோடு நோட்ஸில் குறித்துவைப்பதிலும், விழுந்துவிடுவாரோ என்று முதியவரின் கையைக் கட்டிலோடு கட்டுவதிலும், கோபக்காரக் குடும்பத்தின் படுக்கையருகே போவதைக் குறைத்துக்கொள்வதிலும்தான் வெளிப்படும். இவற்றில் எந்தச் செயலும் தன்னளவில் தற்காப்பு ஆகாது. எதற்காகச் செய்தார் என்பதே அதைத் தற்காப்பு ஆக்குகிறது. உங்கள் கூற்று செயலை மட்டும் கேட்டு, காரணத்தைக் கேட்காமல் விட்டுவிட்டது.

காரணத்தை நேரடியாகக் கேட்டால் யாரும் "பயத்தால்" என்று எழுதமாட்டார்கள். அதனால் ஒரு நிகழ்வை எழுதி, இரண்டு வடிவங்களாக ஆக்குங்கள். அறுவை முடிந்த இரண்டாம் இரவு. எழுபது வயது மூதாட்டி. நாடியும் அழுத்தமும் சீராக உள்ளன. ஒரு தாளில் பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக இருக்கும் மகன் அமைதியாக அமர்ந்திருக்கிறார். மற்றதில் அதே மகன் செல்பேசியில் படம்பிடித்தபடி புகார் கொடுப்பேன் என்கிறார். மற்றெல்லாம் ஒன்றே. தாள்களைக் குலுக்கல் முறையில் கொடுத்து, பி.பி. எத்தனை மணிக்கொருமுறை பார்ப்பீர்கள், டாக்டரை அழைப்பீர்களா என்று கேளுங்கள். இரு குழுக்களின் விடைகளுக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் தேடும் அளவு. இது குழுவின் போக்கைக் காட்டுமேயன்றி ஒருவருக்கு மதிப்பெண் தராது என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

மாணவி:
மிக்க நன்றி, ஐயா. தவிர்த்தலையும் இதே முறையில் அளக்கலாமா?

வார்டு சிஸ்டர், வாளையாறு:
அளக்கலாம், தங்கையே, ஆனால் இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஆள் குறைவால் ஒரு படுக்கைக்குப் போக முடியாததும், பயந்து போகாததும் தாளில் ஒன்றுபோலத்தான் தெரியும். பயம் கற்பனையும் அன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சிகிச்சையின்போது அது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டே உச்சவரம்பு. அந்த விலக்கு செவிலியருக்குச் சொல்லப்படவில்லை. இதை அறிந்திருக்கிறார்களா என்று ஒரு வினா வையுங்கள். முக்கியமாக, தாள்களை நர்சிங் சூப்பிரண்டு வழியே வாங்காதீர்கள். பூட்டிய பெட்டியில் தாங்களே போடட்டும். மேலதிகாரி கையில் போகும் தாளில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத்தான் எழுதுவார்கள்.

புள்ளியியல் விரிவுரையாளர், பொள்ளாச்சி:
மிகைச்செயலையும் (தேவைக்கு மேல் செய்வது) தவிர்த்தலையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள். ஒன்று கூடும்போது மற்றது குறையலாம். கூற்றுகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.70ஐத் தாண்டினாலும் அவை ஒரே பண்பு என்று அது மெய்ப்பிக்காது. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வல்லுநர்களிடம் உள்ளடக்கச் செல்லுபடியைப் பார்த்து, அதாவது ஒவ்வொரு கூற்றையும் பொருத்தமானது என்று சொல்பவர்களின் பங்கைக் கணக்கிட்டு, 0.78க்குக் குறைந்த கூற்றுகளைத் திருத்துங்கள். தமிழ்த் தாளையும் மலையாளத் தாளையும், இரு மொழியும் படிக்கத் தெரிந்த ஒரே செவிலியர் குழுவிடம் இரண்டு வார இடைவெளியில் கொடுத்து ஒப்பிட்ட பிறகே களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.