வீட்டுக்குள்ளயே பேசாம இருந்த நாட்கள்... உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சண்டை போடறதப் பத்தி எல்லாரும் பேசறோம், சண்டைக்கு அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு திரியறோமே, அதப் பத்தி யாரும் வாயத் திறக்கறதில்ல. அதான் நானே ஆரம்பிக்கறேன்.

எங்க வீட்ல ஒரு தடவ 11 நாள் நானும் என் மனைவியும் பேசிக்கல. காரணம் கேட்டா சிரிப்பீங்க. அவ தம்பி ஃபோன் பண்ணப்ப நான் எடுக்கல, திருப்பிக் கூப்பிடவும் மறந்துட்டேன். "வேணும்னேதான எடுக்கல"ன்னு அவ கேட்டா, நானும் வாய்க்கு வந்தபடி "ஆமா வேணும்னேதான்"னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போய் கதவ சாத்திட்டேன். அறைஞ்சு கூட சாத்தல, மெதுவா சாத்துனேன். அந்த மெதுவாதான் இன்னும் எரிச்சலக் கெளப்புச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு சொன்னா.

அந்த 11 நாளும் வீடு பாட்டுக்கு ஓடுச்சு. எங்க பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு. "நாளைக்கு சீக்கிரம் கெளம்பணுமான்னு அப்பாகிட்ட கேளு"ம்பா என் மனைவி. நான் ரெண்டடி தள்ளிதான் உக்காந்திருப்பேன். பொண்ணு என் பக்கம் திரும்பி கேப்பா, நான் "ஆமான்னு சொல்லு"ம்பேன், அவ அந்தப் பக்கம் திரும்பி "ஆமாவாம்"னு சொல்லுவா. மொதல்ல விளையாட்டு மாதிரிதான் செஞ்சா. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, "வண்டி சாவி எங்கன்னு உங்கம்மாகிட்ட கேளு"ன்னேன், அவ போய் கேட்டது "அம்மா, சாவி எங்க இருக்குன்னு அப்பா ப்ளீஸ்னு சொல்லி கேக்கறாங்க". நான் ப்ளீஸ் சொல்லவே இல்லங்க. அவளா சேத்துக்கிட்டா. அப்பறம்தான் கவனிச்சேன், ரெண்டு பக்கமும் வார்த்தைய அவ அப்படியே கொண்டு போறதில்ல, குத்தறத எல்லாம் வழியிலயே எடுத்துட்டுதான் கொண்டு போறா. எட்டு வயசுல அந்த வேல. எனக்கு அன்னிக்கு அவ மூஞ்சிய பாக்க முடியல.

கவுன்சலிங் போனோம். "பேசாம உள்ள போறப்ப உடம்புல என்ன ஆகுது"ன்னு கேட்டாங்க. ஒன்னும் ஆகல, நான் அமைதியாதான் இருந்தேன்னு பெருமையா சொன்னேன். விரல்ல மாட்டற அந்த சின்ன க்ளிப்ப மாட்டிட்டு அதே ஃபோன் மேட்டர திரும்ப பேசச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும், உக்காந்த எடத்துலயே துடிப்பு 112 காட்டுது. மேல கல்லு மாதிரி இருக்கேன், உள்ள நெஞ்சு அடிச்சுக்குது. பக்கத்துல இருந்து அந்த நம்பர பாத்ததுதான் என் மனைவிக்கு பெரிய விஷயமா இருந்துச்சு, "நான் பேசறது உங்களுக்கு ஒறைக்கவே இல்லன்னு நெனச்சேன்"னா.

அப்பதான் ஜான் கோட்மன்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பத்தி சொன்னாங்க. தம்பதிகள லேப்ல உக்கார வச்சு சண்டை போட விட்டு ஹார்ட் பீட் அளந்தவரு. இப்படி சுவர் மாதிரி ஆயிடறதுக்கு ஸ்டோன்வாலிங்னு பேராம், அவர் பாத்தவரைக்கும் அப்படி ஆனவங்கள்ல 85 சதவீதம் ஆம்பளைங்க (இத லைசன்ஸா எடுத்துக்காதீங்கப்பா). துடிப்பு 100 தாண்டிட்டா எதிர்ல இருக்கறவங்க சொல்றது சரியா ஏறவே ஏறாதாம். ஒரு தடவ சண்டை நடுவுல மெஷின சரி பண்ணணும்னு சொல்லி நிறுத்தி, பேச்ச எடுக்காம பத்திரிகை மட்டும் படிங்கன்னு ஒரு அரை மணி நேரம் விட்டுட்டு திரும்ப பேசச் சொன்னா, துடிப்பு எறங்கி அதே ஜோடி தன்மையா பேசியிருக்காங்க.

அதனால இப்ப நான் ரூமுக்குள்ள போறதுன்னா திரும்பி வர டைம சொல்லிட்டுத்தான் போகணும். "எட்டரைக்கு வரேன்", அவ்வளவுதான். உள்ள போய் அவள மடக்கறதுக்கு மனசுல வசனம் எழுதிட்டிருந்தா ஒன்னும் எறங்காது, அதையும் செஞ்சு பாத்துட்டேன்.

*

உங்க பொண்ணு பண்ண வேலைய நான் 31 வயசு வரைக்கும் பண்ணேன். அப்பா அம்மா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, வெளியூர்ல இருக்கற எனக்கு ஃபோன் போட்டு "உங்கம்மாகிட்ட சொல்லு"ம்பாரு அப்பா, அடுத்த அஞ்சு நிமிஷத்துல அம்மா ஃபோன். மர்ரே போவன்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் இத முக்கோணம்னு சொல்லியிருக்காரு, ரெண்டு பேருக்கு நடுவுல இறுக்கம் தாங்கலன்னா மூணாவது ஆள இழுத்து நடுவுல வச்சுக்குவாங்களாம். ரெண்டு பேருக்கும் லேசாயிடும், பாரம் மூணாவது ஆள் தலைல. நான் ஆபீஸ்ல கூட யாராவது ரெண்டு பேர் மொறச்சுக்கிட்டா தானா நடுவுல போய் நிப்பேன், யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

ஒரு நாள் அம்மா லைன்ல இருக்கறப்பவே அப்பா ஃபோன் வந்துச்சு, என்ன தோணுச்சோ தெரியல, மெர்ஜ அமுக்கிட்டு "ரெண்டு பேரும் இருக்கீங்க, பேசுங்க"ன்னு சொல்லிட்டு நான் ம்யூட் போட்டுட்டேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. ஒரே வீட்ல ரெண்டு ரூம்ல ரெண்டு பேரும் ஃபோன காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அப்பறம் அப்பா "மாத்திர போட்டியா"ன்னாரு. அம்மா "ம்"னாங்க. அவ்வளவுதான், வச்சுட்டாங்க. நான் ம்யூட்ட எடுக்காமயே அழுதேன்.

*

எல்லாரும் எழுதறது நல்லா இருக்கு, ஆனா எல்லா மௌனமும் ஒன்னு இல்லங்க. நான் பேசாம இருந்தது கோவத்துல இல்ல, பேசினா அடி விழும்னு. நாங்களும் கவுன்சலிங் போனோம், அவங்க எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு பேசினாங்க, என்கிட்ட ஒரே கேள்விதான், "வீட்டுக்குப் போனப்பறம் இங்க பேசினதுக்காக உங்களுக்கு ஏதாவது ஆகுமா?" ஆகும்னேன். ஜோடியா உக்கார வச்சு பேசறத அத்தோட நிறுத்திட்டு, நான் எப்படி பத்திரமா இருக்கறதுன்னு மட்டும்தான் அப்பறம் பேசினாங்க. பயத்துல வாய மூடிட்டு இருக்கறவங்க இத படிச்சிட்டு "நாமதான் சரியா பேசத் தெரியாதவங்க போல"ன்னு நெனச்சுறாதீங்க, அதுக்குத்தான் எழுதறேன். இப்ப தனியா இருக்கேன், நல்லா தூங்கறேன்.

*

நான் சின்னதா ஒன்னு சொல்லிட்டு போறேன். பையன்கிட்ட கத்திட்டு அப்பறம் குத்த உணர்ச்சியில செத்துட்டிருக்கற ஆள் நான். எட்வர்ட் ட்ரோனிக்னு ஒருத்தர் 1970கள்ல செஞ்ச ஆராய்ச்சி, கொஞ்சிட்டிருக்கற அம்மா திடீர்னு மூஞ்சிய அசைக்காம வச்சுக்கணும், கைக்குழந்தை அத பாத்துட்டு சிரிச்சுப் பாக்கும், கைய நீட்டிப் பாக்கும், அப்பறம் தவிச்சுப் போயிடும். எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அவரே கண்டுபிடிச்ச இன்னொன்னு, நல்லா இருக்கற அம்மா குழந்தை கூட சுமார் 30 சதவீத நேரம்தான் ஒத்துப் போறாங்களாம், மத்ததெல்லாம் தப்பறதும் சரி பண்ணிக்கறதும்தான். இத படிச்ச அன்னிக்கு பையன் ரூம் வாசல்ல நின்னு "கத்துனது தப்பு"ன்னு சொன்னேன். "ஆனா நீ"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவன் தலைய தூக்காமயே "சரி"ன்னான். அதுவே எனக்குப் போதும்.

*

ஆரம்பிச்சவன்தான், திரும்ப வந்திருக்கேன். மெர்ஜ் பட்டன் கதைய என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன், நடுவுல எழுந்து போயிட்டா.

மூணாவதா எழுதினவங்களுக்கு, நீங்க சொன்னது ரொம்ப சரி, மொதல்லயே நான் அத பிரிச்சு சொல்லியிருக்கணும்.

பொண்ணுகிட்ட இதப் பத்தி பேசினீங்களான்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தார். பேசினேன். இனிமே நீ யாருக்கும் எதுவும் போய் சொல்ல வேண்டாம், அது எங்க வேலன்னு சொன்னேன், தலையாட்டினா. இப்ப அவளுக்கு 12. போன வாரம் எங்களுக்குள்ள ஏதோ வந்துச்சு, எட்டரைக்கு வரேன்னு சொல்லிட்டு உள்ள போய் படுத்தவன் அப்படியே தூங்கிட்டேன் போல. யாரோ கதவத் தட்டறாங்க, தொறந்தா பொண்ணு நிக்கறா, கைல அவ புக்கு. "எட்டு முப்பத்தி நாலு ஆச்சுப்பா."

எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. இத்தன நேரம் கடிகாரத்த பாத்துட்டே உக்காந்திருந்திருக்கா.

இப்ப என் ஃபோன்லதான் அலாரம் வைக்கறேன்.