மறுமொழி: பேஸ்பால் ‘பிராஸ்பெக்ட்’ – ‘நாற்று’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பாலில் ‘டிரேட்’ (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது), ‘பிராஸ்பெக்ட்’ (மேல்மட்டத்தில் இன்னும் நிலைபெறாத, வளரும் வீரர்) ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் தொடங்கிய இழைக்கு நேற்றிரவு வந்த மடல்களை இரண்டு முறை படித்தேன். எல்லாமே யோசித்து எழுதிய மடல்கள். ஆனால் சொற்களைத் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். அதனால் உண்மையில் நடந்த ஒரு ‘டிரேட்’டை எடுத்துக்கொண்டு, நீங்கள் தந்த சொற்களை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பார்த்தேன்.

2022 ஆகஸ்ட் 2. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி தன் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்குக் கொடுத்த நாள். 15 ஆண்டுக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்று நேஷனல்ஸ் சொல்லி, சோட்டோ வேண்டாம் என்று மறுத்திருந்தார். கூடவே ஜோஷ் பெல் என்ற இன்னொரு வீரரும் போனார். பதிலுக்கு வந்தவர்கள் மெக்கென்சி கோர், சி.ஜே. ஏப்ரம்ஸ், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா, இவர்களோடு லூக் வாய்ட். நாங்கள் மேரிலாந்தில் இருக்கிறோம். செய்தி வந்தபோது என் பையன் சோட்டோவின் 22ஆம் எண் சட்டையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். “பதிலுக்கு யாருப்பா வந்தா?” என்றான். பெயர்களைச் சொன்னேன். “இவங்கல்லாம் யாரு?” என்றான். அந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த இழையை நான் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

முதலில் ‘டிரேட்’. இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம் என்று நினைக்கிறேன். ‘வணிகம்’ பொருந்தாது. ‘பண்டமாற்று’ செயலைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் ஆட்களைப் பண்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘கைமாற்று’ என்றால் நம் ஊரில் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். ‘ஆள்மாற்று’ என்றதும் தேர்வறையில் நடக்கும் ஆள்மாறாட்டம் நினைவுக்கு வருகிறது. ‘இடமாற்றம்’ அரசு ஊழியருக்கு வருவது. அதில் ஒருவர் போவார், பதிலுக்கு எதுவும் வராது. ‘வீரர் பரிமாற்றம்’ போதும். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனபோது, ‘டிரேட்’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர்கள் கிரிக்கெட் வழியாகவே பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு நாம் மல்லுக்கட்ட வேண்டாம். ‘டிரேட்’டும் இருக்கட்டும், ‘பரிமாற்றம்’ என்பதும் இருக்கட்டும்.

ஆனால் அந்தச் சென்னைக் கணக்கில் மூவருமே தெரிந்த முகங்கள். பேஸ்பாலில் சிக்கலே வேறு. ஒரு பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஆள், மறுபக்கம் யாருக்கும் தெரியாத நாலைந்து பையன்கள். கிரிக்கெட்டிலிருந்து கடன் வாங்க நமக்குச் சொல் இல்லாத இடம் இதுதான்.

‘இளம் வீரர்’ என்று திருச்சி நண்பர் எழுதியிருந்தார். சோட்டோவுக்கு அன்று வயது 23. கோருக்கும் 23. இருவருக்கும் இடையே நான்கே மாத வித்தியாசம். ஆனாலும் ஒருவர் உலகத் தொடர் என்கிற இறுதிக் கோப்பையை வென்று வந்தவர். மற்றவர் அந்த ஏப்ரலில்தான் பெரிய லீகுக்கு (அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைக்கு) ஏறி, முழங்கை வீக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். வயதை வைத்து இவர்களைப் பிரிக்கவே முடியாது. ‘மூத்த வீரர்’ என்று சோட்டோவைச் சொல்ல முடியாததும் இதனால்தான்.

‘வருங்கால வீரர்’ பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு இதில் ஒரு நெருடல். வருங்கால மாப்பிள்ளை என்றால் நிச்சயம் முடிந்துவிட்டது, தேதிதான் பாக்கி என்று பொருள். பையன்கள் விஷயத்தில் நிச்சயம் என்பதே கிடையாது. ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்பது பாராட்டு. அதற்கு மதிப்பெண் போட முடியாது. நோட்டம் பார்ப்பவர்கள் இந்தப் பையன்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் பெரிய லீகில் சராசரி ஆட்டக்காரனாக வருவான் என்று கணிப்பு. ‘45 மதிப்பெண் நட்சத்திரம்’ என்று எழுதிப் பாருங்கள், கை கூசும். (நோட்டம் பார்ப்பவர்களுக்கு ‘நோட்டக்காரர்’ என்ற பழைய சொல்லையே வைத்துக்கொள்ளலாம். நாணயம் நல்லதா என்று தட்டிப் பார்த்தவர்களுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது.)

‘நாற்று’ என் சொல் இல்லை, என் அம்மாவுடையது. கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறார். அந்த வாரம் அலைபேசியில் பேசும்போது, எங்கள் வீட்டுத் துக்கத்தை அவருக்கு விளக்கப் பார்த்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நாத்துன்னு சொல்லிட்டுப் போயேன். பறிச்சு அடுத்தவன் வயல்ல நட்டப்புறம்தானே தெரியும், தூர் கட்டுதா இல்லையான்னு” என்றார். அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவர் இல்லை.

யோசிக்க யோசிக்க இந்தச் சொல் விரிகிறது. பெரிய அணிக்குக் கீழே படிப்படியாக இருக்கும் சின்ன அணிகளுக்கு ‘நாற்றங்கால்’ என்று பெயர் வைக்கலாம். ஆங்கிலத்திலும் அதைப் பண்ணை என்றுதான் சொல்கிறார்கள். நாலைந்து பையன்களைச் சேர்த்துக் கொடுப்பதற்கும் சொல் தயாராக இருக்கிறது: ‘ஒரு முடி நாற்று’. நாற்றங்காலில் பறித்து, வேர்ச்சேற்றைத் தண்ணீரில் அலசி, கைக்கு அடங்குகிற அளவில் கட்டி வரப்பில் போடுவார்களே, அந்த முடிதான். நாள் தப்பி முதிர்ந்துபோன நாற்று சரியாகத் தூர் கட்டாது. இருபத்தைந்து வயதிலும் கீழ்நிலையிலேயே நிற்கும் பையனின் மதிப்பு இறங்குவதும் அப்படித்தான். பெரிய லீகில் 50 இன்னிங்ஸ் வீசிவிட்டால் கணக்குப்படி ஒருவன் ‘பிராஸ்பெக்ட்’ இல்லை. வீச்சாளரான கோர் அதைத் தாண்டியிருந்தார். அவரை ‘நட்ட பயிர், வேர் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடலாம்.

பரிமாற்றத்தில் நாற்றுக்கு எதிரே நிற்பவருக்கு ‘தேறிய வீரர்’ என்று முன்மொழிகிறேன். “பையன் தேறுவானா?” என்று நாம் அன்றாடம் கேட்கிறோம். நாற்றைப் பற்றிய கேள்வி அது. தேறிய வீரர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தவர். ‘காய்த்த மரம்’ என்று டொராண்டோ அம்மா எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மரத்தைப் பிடுங்கி நட முடியாது.

இப்போது ஒரு பழைய பரிமாற்றத்தை இந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, 36 வயதுத் தேறிய வீச்சாளர் டாய்ல் அலெக்சாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்க, ஒரே ஒரு நாற்றைக் கொடுத்தது. அந்த நாற்று கீழ்நிலை அணியில் 4 வெற்றி, 10 தோல்வியோடு நின்றது. அலெக்சாண்டர் அந்தப் பருவத்தில் 9 ஆட்டம் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் கடைசி நாளில் பிரிவைப் பிடித்தது, அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் விழுந்தது. அந்த நாற்றின் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். 213 வெற்றி, 154 ‘சேவ்’ (கடைசியில் வந்து அணியின் வெற்றியைக் காப்பது), 2015இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான புகழ் மண்டபம்.

டெட்ராய்ட் ஏமாந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆண்டு அவர்களுக்கு நெல் வேண்டியிருந்தது, நாற்றைக் கொடுத்து நெல் வாங்கினார்கள். நாற்றுக்கு விலை போடுவது அறுவடைக்குப் பிறகு இல்லை, பறிக்கும் நாளில்தான்.

மதுரை ஐயா ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: ‘பண்டம்’ வேண்டாம் என்கிற நீங்கள் மனிதனை நாற்று என்று மட்டும் சொல்லலாமா? ஐயா, பிள்ளைகளைப் பயிர் என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று சொல்லித்தான் வளர்ந்தோம். பண்டத்துக்கு உயிர் இல்லை. நாற்றுக்கு உயிர் உண்டு, அதனால்தான் பிடுங்கும்போது பதமாகப் பிடுங்குகிறோம். ஆனாலும் உங்கள் கவலைக்காகத் தலைச்சொல்லை ‘நாற்று வீரர்’ என்றே பதியலாம். பேச்சில் ‘நாற்று’ என்று சுருங்குவதைத் தடுக்க முடியாது.

ஒரு அணி தன் வீரரை எத்தனை ஆண்டு விடாமல் வைத்திருக்கலாம் என்பதற்கு ‘கைவச ஆண்டு’ என்று எழுதியிருக்கிறேன். பெரிய லீகில் ஆறு ஆண்டுப் பணி முடியும் வரை வீரர் அணியின் கைவசம். 2022 ஆகஸ்டில் சோட்டோவுக்கு மிச்சம் இரண்டரை ஆண்டு. பாட்ரேஸ் அதைக்கூட முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. 2023 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஏப்ரம்ஸ் 2024இலும், வுட்டும் கோரும் 2025இலும், சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். மூவரும் தூர் கட்டிவிட்டார்கள். நேஷனல்ஸ் அணி மட்டும் 2023, 2024 இரண்டு ஆண்டும் 71 ஆட்டங்களைத்தான் வென்றது. என்றாலும் கொடுத்தது சரி என்றே இன்று சொல்வேன். பையன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு சொல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பரிமாற்றத்தில் சில நேரம் ஆள் யார் என்று அன்றே சொல்லாமல், ‘இன்னொருவரைப் பிறகு தருகிறோம்’ என்று எழுதுவார்கள். 1996இல் சியாட்டில் அணி மின்னசோட்டாவுக்கு அப்படிப் பெயரில்லாமல் எழுதிக் கொடுத்த ஆள்தான், பின்னாளில் பெரும் நட்சத்திரமான டேவிட் ஓர்ட்டிஸ். ‘பெயர் பின்வரும் வீரர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், வாயில் நுழையவில்லை. டொராண்டோ அம்மா, பத்திர எழுத்தர்கள் பெயருக்கு இடம் விட்டு எழுதும் வழக்கம் பற்றி முன்பு ஒரு மடலில் சொன்னீர்கள். அந்த இடத்துக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்?

அன்புடன்,
மேரிலாந்திலிருந்து